அற்புதராணி தெரிந்தெடுத்த சைக்கிள்

சைக்கிள் வாங்க வேண்டும் என்ற எண்ணம் அற்புதராணிக்கு வந்தது பஸ்ஸுக்குள் நின்றபோதுதான். மார்க்ஸ் டோர்முவா என்ற தெருவைக் கிண்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இருபது நிமிடமாக அசையவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண், பின்னால் பிள்ளையை இருத்திக்கொண்டு, சைக்கிளில் போனாள். பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. எடுத்தால், வேலைக் கொம்பனியின் பொறுப்பாளர். இந்த மாதம் பிந்துவது இது மூன்றாவது தடவை, இன்னொரு முறை பிந்தினால் எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றாள். ஏன் பிந்தியது என்று கேட்கவில்லை.

மன்னாரிலிருந்து பிரான்சுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். அதில் பதினொரு வருடமாக அற்புதராணிக்கு இதுதான் வேலை: தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிக்க வார்ப்பாள், உடுப்பு மாற்றுவாள், சாப்பாடு கொடுப்பாள். நாளுக்கு நான்கு வீடு. ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் போகக் கொம்பனி கொடுத்தது பதினைந்து நிமிடம். அலுவலகத்தில் இருந்து யாரோ வரைபடத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. அந்த வரைபடத்தில் கிண்டிய தெருவும் இல்லை, லிப்ட் இல்லாத நாலாம் மாடியும் இல்லை.

அன்று பின்னேரம் அவள் கணவன் வின்சன்றிடம் சொன்னாள். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்யும் வின்சன்ற் கெட்ட மனிதரல்ல. ஆனால் எதையும் ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வார், அந்த ஒருவர் எப்போதும் றெமிஜியஸ். போன் கடை வைத்திருக்கும் றெமிஜியசுக்குத் தெரியாத விஷயம் இல்லை என்று வின்சன்ற் நம்பினார். மூன்றாம் நாள் சைக்கிள் வந்து சேர்ந்தது. இவ்வளவு நாளும் றெமிஜியசின் நிலக்கீழ் அறையில் சும்மா கிடந்தது அது. கறுப்பு நிறம், ஆட்டுக்கொம்பு மாதிரிக் கீழே வளைந்த ஹாண்டில், ஊசி மாதிரி மெல்லிய ரயர், நடுவில் உயரமாக ஒரு பார். மட்காட் இல்லை, லைற் இல்லை, பையை வைக்கக் கரியர் இல்லை.

அதை ஆசையாகக் கொண்டுவந்த வின்சன்றின் முகத்தைப் பார்த்து அவள் வாயை மூடிக்கொண்டாள். அதுதான் தான் செய்த பிழை என்று பிறகு பலமுறை நினைத்தாள்.

சனிக்கிழமை காலை அதை ரூ பஜோல் என்ற தெருவுக்கு உருட்டிக்கொண்டு போனாள். குனிந்து ஓட்டவேண்டியிருந்தது. தெருவைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்தினால் பிடரி வலித்தது. ஐம்பது மீற்றர் போயிருப்பாள், ஓரமாக நின்ற வாகனத்திலிருந்து ஒருவன் கதவைத் திறந்தான். பிரேக் பிடித்தாள். சைக்கிள் நின்றது, ஆனால் கால் நிலத்துக்கு எட்டவில்லை. பாருக்கு மேலால் காலைத் தூக்கவும் முடியவில்லை. மரம் சாய்வதுபோல் பக்கவாட்டில் சாய்ந்தாள். முழங்கை உரிந்தது, கால்சட்டை கிழிந்தது. தேநீர்க் கடை வாசலில் நின்ற நான்கு ஆண்கள் ஓடிவந்து தூக்கினார்கள். தூக்கியபிறகு அதில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

வீட்டில் வின்சன்ற் மருந்து போட்டுவிட்டார். போட்டுக்கொண்டே, "நான் அப்பவே நினைச்சனான். இந்த வயசிலை உமக்கேன் உந்த வேலை?" என்றார்.

விழுந்ததைவிட அந்தச் சொல்தான் அவளுக்கு எரிந்தது.

"நான் வயசாலை விழேல்லை," என்றாள். "உது எனக்கெண்டு வாங்கின சைக்கிள் இல்லை. அதாலை விழுந்தனான்."

அடுத்த நாள் தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு றெமிஜியசின் கடைக்குப் போனாள். உள்ளே ஆட்கள் நின்றார்கள். அவள் சைக்கிளைக் கடை நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். பழகினால் சரிவரும், பிரெஞ்சுக்காரரெல்லாம் இதில்தான் போகிறார்கள் என்று றெமிஜியஸ் தொடங்கினார்.

"அண்ணை, நான் எவ்வளவு உயரம் எண்டு கேட்டனீங்களோ?" அவள் குரலை உயர்த்தவில்லை. "எத்தினை வீட்டுக்குப் போறன், என்ன சாமான் கொண்டுபோறன், எங்கை விடுவன் எண்டு ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ? இடத்தை அடைச்சுக்கொண்டு கிடந்ததை என்ரை தலையிலை இறக்கிப்போட்டு, உதவி எண்டு சொல்லாதேங்கோ."

கடையில் நின்றவர்கள் போன்களைப் பார்த்தார்கள். றெமிஜியஸ் அதன்பிறகு ஒரு மாதம் அவர்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை இல்லை. கால்வாய்ப் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்குப் போனாள். தானும் வருவேன் என்று வின்சன்ற் நின்றார். விற்பனையாளன் இளம் ஆள், தாடி வைத்தவன். அவள் முன்னால் நின்று பிரெஞ்சில் கேட்டாள், அவன் பின்னால் நின்ற வின்சன்றைப் பார்த்துப் பதில் சொன்னான். அவருக்குப் பிரெஞ்சு அரைகுறை. அவர் அவளைப் பார்த்தார். விற்பனையாளனோ அதே பதிலை வின்சன்றுக்கே இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாகச் சொன்னான். பிறகு மூலையில் நின்ற ஊதா நிறச் சைக்கிளைக் காட்டினான். முன்னால் பிரம்புக் கூடை, கூடையில் பிளாஸ்ரிக் பூ. ஞாயிற்றுக்கிழமைகளில் மதாமுக்கு நன்றாக இருக்கும் என்றான்.

"நீங்கள் வெளியிலை நில்லுங்கோ," என்று அவள் வின்சன்றுக்குச் சொன்னாள். அவர் போனார். பிறகு விற்பனையாளன் பக்கம் திரும்பி, இதில் ஏறி வேலைக்குப் போகப்போவது நான், பேசுவதானால் என்னோடு பேசு என்று பிரெஞ்சில் சொன்னாள். அவன் தோளைக் குலுக்கினான்.

திருத்தும் இடத்திலிருந்து ஒரு பெண் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தாள். பெயர் ஆனைஸ், நகமெல்லாம் கிறீஸ். இவ்வளவு நேரமும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எந்தச் சைக்கிளையும் காட்டவில்லை. நாள் முழுக்க எங்கெங்கே போகிறீர்கள் என்று கேட்டாள்.

யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள்போல அற்புதராணி கொட்டினாள். நான்கு வீடு, நாளுக்குப் பதினான்கு கிலோமீற்றர். பையில் கையுறை, மாற்றுச் செருப்பு, மேலங்கி, சில நாள் வயதானவர்களுக்கு வாங்கும் மரக்கறி. மழையிலும் போகவேண்டும். கறை பிடித்த கால்சட்டையோடு ஒரு வீட்டுக்குள் நுழைய ஏலாது. சந்திக்குச் சந்தி இறங்கி ஏறவேண்டும். இரவில் தூக்கிக்கொண்டு மாடி ஏறத் தேவையில்லை, தாங்கள் இருக்கும் கட்டடத்தின் உள் முற்றத்தில் விடலாம். சொல்லச் சொல்லக் கோபம் ஏறியது.

ஆனைஸ் மூன்று சைக்கிள்களை வெளியே எடுத்தாள். முதலாவது மடிக்கக்கூடியது. சின்னச் சில்லு, கல் பாவிய தெருவில் முதுகெலும்பு குலுங்கியது. இரண்டாவது மின்சாரச் சைக்கிள். ஓட்டச் சுகமாகத்தான் இருந்தது, ஆனால் அதைத் தெருவில் விட்டுவிட்டு நாலாம் மாடியில் நின்று ஒருவரைக் குளிக்க வார்க்கும்போது மனம் முழுக்கக் கீழேதான் கிடக்கும் என்று அற்புதராணி வேண்டாம் என்றாள். மூன்றாவது, பழையதைத் திருத்திப் பச்சை அடித்தது. பார் தாழ்ந்து வளைந்திருந்தது, காலைத் தூக்காமல் ஏறலாம். நிமிர்ந்து உட்காரலாம், உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் நிலத்தில் ஊன்றும். செயினை முழுதாக மூடிய கவர், அகலமான மட்காட், பின்னால் கனத்த கரியர், மிதித்தால் எரியும் லைற், மூன்று கியர். கனம்தான். கால்வாயோரம் இரண்டு சுற்று ஓடினாள். அவசரமாகப் பிரேக் பிடித்துப் பார்த்தாள். விழவில்லை. கனமான பூட்டு ஒன்றையும் சேர்த்து வாங்கினாள்.

வாசலில் நின்ற வின்சன்ற், பச்சை நிறம் ஒருமாதிரி இருக்குது என்றார். அவள் பதில் சொல்லாமல் ஏறி மிதித்தாள். அவர் மெத்ரோ ரயிலில் வந்தார்.

இரண்டு கிழமைக்குள் எல்லா வீட்டுக்கும் பஸ்ஸில் போனதைவிடப் பத்து நிமிடம் முந்திப் போய்ச்சேர்ந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் போன உடனேயும் வெளிக்கிடும்போதும் தொலைபேசியில் பதியவேண்டும், அது கொம்பனியின் சட்டம். அந்தப் பதிவைப் பார்த்த பொறுப்பாளர், அடுத்த கிழமை அட்டவணையில் ஐந்தாவது வீடு ஒன்றைப் போட்டு அனுப்பினாள். உங்களுக்கு இப்போது நேரம் மிஞ்சுகிறதே என்று கீழே ஒரு வரி.

அற்புதராணி தொலைபேசியில் பேசவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போனாள். பொறுப்பாளரின் மேசைக்கு முன்னால், தலைக்கவசத்தைக் கழற்றாமல், நின்றபடியே பேசினாள்.

"பஸ் நின்றபோது அது என் பிழை என்றீர்கள். இப்போது நான் மிதித்து மிச்சம் பிடித்த நேரம் உங்களுடையதா? ஐந்தாவது வீட்டை நீங்கள் அட்டவணையிலிருந்து எடுக்காவிட்டால் நாளையிலிருந்து நான் மறுபடியும் பஸ்ஸில் வருவேன். பிந்துவேன். கடிதத்தை அனுப்புங்கள், பஸ் பிந்தியதற்கு அத்தாட்சி வாங்கி நானும் பதில் எழுதுவேன்."

பொறுப்பாளர், பார்க்கலாம் என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அற்புதராணியும் எதிர்பார்க்கவில்லை. படியிறங்கி வந்து பூட்டைத் திறந்து, ஏறி மிதித்தாள்.

திங்கட்கிழமை புது அட்டவணை வந்தது. நான்கு பெயர்தான்.

இப்போது இரண்டாவது வீட்டுக்கும் மூன்றாவது வீட்டுக்கும் நடுவில் அவள் எயோல் பூங்காவில் சைக்கிளை நிறுத்திவிட்டு மர வாங்கில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். முன்னெல்லாம் நடந்துகொண்டே விழுங்கிய சாப்பாடு அது. அந்த நேரம் தொலைபேசி அடித்தால், யார் என்று பார்த்துவிட்டு, வாயில் இருப்பதை மென்று முடித்த பிறகுதான் எடுக்கிறாள்.