வெட்டவா, சாய்க்கவா?

எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் தைப்பிங் மழையில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்து இரண்டு மணிக்கட்டையும் ஒடித்துக்கொண்டேன். கை இரண்டும் மாவுக்கட்டில். நானோ கணினிக்கு நிரல் எழுதிப் பிழைப்பவன். ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் ஆறு மாதம் தற்காலிக வேலை பார்த்திருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பாட அட்டவணை போடும் நிரல் பாதியில் நின்றிருந்தது. மூன்று வாரத்தில் அது ஓடினால் வேலை நிரந்தரம், ஓடாவிட்டால் வேறு ஆள் என்று தவுக்கே, அதாவது எங்கள் முதலாளி, சொல்லிவிட்டார். சீனரானாலும் இதை மட்டும் தெளிவான தமிழில் சொன்னார்.

கைதான் ஒடிந்தது, வாய் ஒடியவில்லையே. அலுவலகத்துத் தட்டச்சுக்கார அக்காவைக் கணினியின் முன் உட்காரவைத்து, நான் பக்கத்தில் நின்று சொல்ல ஆரம்பித்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். விரல் பறக்கும். ஆனால் நிரல் என்றால் என்னவென்று தெரியாது. எனக்கோ பொறுமை என்றால் என்னவென்று தெரியாது.

முதல் நாளே சண்டை. எங்கள் நிரலில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு, பத்துப் பத்தாக ஏறும். "நூத்திருபத வெட்டுங்கக்கா" என்றேன், அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்ற பொருளில். அக்கா அதை நடுவில் பிளந்து, கீழ்ப்பாதிக்கு நூற்றிருபத்தைந்து என்று புது எண்ணும் கொடுத்துவிட்டார்.

"என்னக்கா, வெட்டச் சொன்னா ரெண்டாக்கி வச்சிருக்கீங்க?"

"பால் மரத்த வெட்டுனா மரம் போயிருமா தம்பி? கோடுதான் விழும், மரம் அங்கயே நிக்கும். மரமே வேணாம்னா சாய்க்கணும். எங்கப்பா முப்பது வருசம் மரம் வெட்டுனாரு, ஒண்ணக்கூட சாய்க்கல."

பட்டணத்தில் பிறந்த எனக்கு அது புதுச் செய்தி. அன்றே ஒரு தாளில் அக்கா எழுத, எங்களுக்கென்று ஒரு பாஷை பிறந்தது. வரி என்றால் நெரை, தோட்டத்தில் மரவரிசைக்குச் சொல்வது. வரியை எடுக்கச் 'சாய்'. இரண்டாக்க 'வெட்டு'. புதுவரி சேர்க்க 'நடு'. எல்லா வரியையும் திரையில் வரிசையாக நிறுத்த 'பெரட்டு'. தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்கு அதுதான் பெயராம். எண் முதலில், வினை கடைசியில். வினை வரும்வரை அக்கா ஒரு விசையையும் தொடமாட்டார். தமிழில் வினை கடைசியில் வருவது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாதிச் சொல்லில் மனத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு விதிக்கு என் கோபமே காரணம். "சீக்கிரம் லா!" என்று ஒருநாள் கத்தினேன். அக்கா அதையும் ஆங்கில எழுத்தில் அப்படியே அடித்துவிட்டார். கணினி பிழை பிழையென்று கத்தியது. "அவசரத்துல அண்டாவுலயும் கை நுழையாது தம்பி" என்று என் மாவுக்கட்டைப் பார்த்துச் சொன்னார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து, எங்கள் ஊர்ப் பேச்சில் வால்போல ஒட்டிக்கொள்ளும் 'லா'வில் முடிந்தால் அது வெறும் பேச்சு. லா இல்லாமல் சொன்னால்தான் கட்டளை. அந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன். மூக்கு அரித்தாலும் சொறிய முடியாத மனிதனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

கடைசி நாள் பள்ளிக்கூடத்தில் நிரலை ஓட்டிக் காட்டினோம். அட்டவணை ஒழுங்காக வந்தது. தலைமையாசிரியர் தாடையைத் தடவியபடி, சனிக்கிழமையை இப்போதே எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். தவுக்கே என்னைப் பார்த்தார். எனக்கு வியர்த்துவிட்டது.

"எழுநூறுலேருந்து தொள்ளாயிரம் வரைக்கும் வெட்டு!" என்றேன்.

அக்காவின் கை மடியிலேயே இருந்தது. இருபத்தொரு நெரையை ஒரே வெட்டாக வெட்ட முடியாது, எங்கள் பாஷையில் அப்படி ஒரு கட்டளையே இல்லை. அவர் திரும்பாமல், நிதானமாகக் கேட்டார்.

"வெட்டவா தம்பி, சாய்க்கவா?"

அப்போதுதான் திரையைச் சரியாகப் பார்த்தேன். சனிக்கிழமை எழுநூற்றுத் தொண்ணூறோடு முடிந்தது. எண்ணூறிலிருந்து இருந்தது, ஒரே ஆசிரியரை ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புக்கு அனுப்பாமல் காக்கும் பகுதி. நிரலின் உயிரே அதுதான், நகலோ அலுவலகத்தில் கிடந்தது. "எழுநூறுலேருந்து எழுநூத்தித் தொண்ணூறு வரைக்கும் சாய்" என்றேன். சாய்த்தார். நிரல் ஓடியது.

மறுவாரம் வேலை நிரந்தரமானது. கட்டுப் பிரிக்கும்போது, ரம்பத்தோடு வந்த ஆஸ்பத்திரி அண்ணன், "வெட்டிரலாமா?" என்று கேட்டார். "வெட்டுங்கண்ணே, சாய்ச்சிராதீங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அலுவலகத்துக்குப் போய்க் கணினியின் முன் உட்கார்ந்தேன். விரல்கள் கட்டை கட்டையாக இருந்தன, ஆனாலும் அசைந்தன. அக்கா தன் தட்டச்சு மேசைக்குப் போக எழுந்தார்.

"அப்ப நான் வாரேன் தம்பி. இனி ஒங்க கையே இருக்கு."

"இருங்கக்கா லா" என்று வாய்வரை வந்துவிட்டது. அப்படிச் சொல்லியிருந்தால் வெறும் பேச்சாகப் போயிருக்கும்.

"இருங்கக்கா" என்றேன்.

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.