பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த அரிசி ஆலையில், நெல் அவிக்கும் பாய்லரின் தண்ணீர் மட்டத்தை ஒரு பழைய கம்ப்யூட்டர் கவனித்துக்கொண்டது. தண்ணீர் குறைந்தால் மணி அடிக்க வேண்டும். அதற்கான நிரலை யாரோ ஒரு புண்ணியவான் பாஸ்கல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். கல்லூரியில் பாஸ்கல் படித்த பாவத்துக்கு, அதைக் கட்டி மேய்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

திருத்த இரண்டு வழிகள். ஒன்று, அந்தக் கம்ப்யூட்டரிலேயே நிறுவியிருந்த எடிட்டர். நீலத் திரை, மவுஸைக்கூட மதிக்காது. இன்னொன்று இணையத்தில் இருப்பது. போனில் பிரவுசரைத் திறந்தால் அங்கேயே எழுதி ஓட்டிப் பார்க்கலாம். நிரலின் நகலை அதில் போட்டுவைத்திருந்தேன். எனக்கு அதுதான் செல்லம்.

ஆயுத பூஜையன்று மதியம் வீட்டில் அந்த நகலைப் புரட்டும்போது, மணி தாமதமாக அடிக்க வைக்கும் பிழை கண்ணில் பட்டது. ஆலைக்கு ஓடினேன். அதற்குள் பாய்லரை அணைத்து, பூஜை போட்டு, கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்கள்.

"பொட்டு வெச்சாச்சும்மா. நாளிக்கி காலையில எடுக்கற வரைக்கும் தொடக்கூடாது" என்றார் பாய்லர்காரர். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தபடியே நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

வாதாடியிருக்கலாம். போனில்தான் எடிட்டர் இருக்கிறதே என்ற திமிர். சாயங்காலம் வெள்ளிமலையில் அக்கா வீட்டுக்குப் போனவள், சிக்னல் கிடைக்கிற ஒரே வளைவில் நின்று இரண்டு வரிகளைத் திருத்தினேன். தண்ணீர் குறைந்ததுபோல் ஒரு எண்ணைக் கொடுத்ததும் திரையில் எச்சரிக்கை வந்தது. பூரித்துப்போய் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"சரி பண்ணிட்டேண்ணா."

"அப்போ கண்ணாடியப் பாத்துக்கினே குந்தியிருக்க வேணாமில்ல?"

"வேணாண்ணா. மணி பாத்துக்கும்."

பாய்லரை ஒன்பது மணிக்குத்தான் மூட்டுவார்கள். முதல் பஸ்ஸில் போய், திருத்தியதை ஆலைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன். விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து மூட்டுவார்கள் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

மறுநாள் பஸ் மலையிறங்கி கச்சிராயபாளையத்தை நெருங்கும்போது அண்ணனிடமிருந்து போனில் ஒரு படம் வந்து விழுந்தது. பாய்லர் அடுப்பு எரிகிறது. கீழே, "நல்ல நேரம் ஏழுக்குள்ளயாம், மூட்டிட்டோம்."

திருத்திய நிரல் இன்னும் என் போனில்தான் இருந்தது. கூப்பிட்டேன். ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். ஆறேழு முறை ஆகியிருக்கும். யாரோ வாழைக்கன்றுக் கட்டை ஏற்ற பஸ்ஸை நிறுத்தினார்கள். அந்த ஆளை அடிக்கலாம் போல இருந்தது.

ஆலை வாசலில் கூட்டம். உள்ளே ஈரச் சாம்பல் நாற்றம். பாய்லர் குழாய் வெடித்து அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள். கம்ப்யூட்டரின் பொட்டு கலையாமல் இருந்தது, நிரல் பழையபடி ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் இரண்டு கைகளுக்கும் தோள்வரை கட்டு. என்னைப் பார்த்ததும் மெதுவாகப் பேசினார்.

"மணி அடிச்சிச்சிம்மா. வெடிச்சப்புறம் அடிச்சிச்சி."

நான் அழுதேன். அவர் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி பண்ணிட்டேன்னு சொன்ன. எதுல பண்ணேன்னு நாந்தான் கேக்காம வுட்டுட்டேன்."