மூலப் பத்திரம் இல்லாத வேதம்

2008 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. பத்திர ஆபீஸுக்கு விடுமுறை. காலை ஒன்பது மணி வாக்கில் விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் சென்னை பஸ் ஏறினேன். திண்டிவனத்துக்குப் பதினாலு ரூபாய். நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். நான் போனது ஒரு வேதத்தை விசாரிக்க.

என் தங்கை மேரியின் கணவர் சூசை, திண்டிவனத்தில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எங்களைப் போலவே பரம்பரைக் கத்தோலிக்கர். சென்னைக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில் மார்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ சபைக்காரர்களின் பழக்கம் ஏற்பட்டு, அடுத்த வாரம் அவர்களிடம் ஞானஸ்நானம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. "நீங்க வந்து அவங்க வேதத்தப் பாத்து சொல்லுங்க மச்சான். பொய்னு சொன்னீங்கன்னா உட்டுர்றேன்" என்று போனில் சொன்னார். நான் பத்திர எழுத்தர். போலியை வாசனையிலேயே பிடித்துவிடுவேன் என்று உறவில் எனக்குப் பெயர்.

விக்கிரவாண்டி தாண்டியதும் நாலுவழிச் சாலை வேலையின் புழுதி ஜன்னல் வழியே அள்ளிக்கொட்டியது. அந்த வேதத்தைப் பற்றிப் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த தாள்களை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தவர், "கோர்ட்டுக்கா சார்?" என்றார்.

"இல்லைங்க. தங்கச்சி வீட்டுக்கு."

"தங்கச்சி வீட்டுக்குப் பழம் வாங்கிக்கினு போவாங்க. நீங்க கட்டு கட்டா பேப்பர் எடுத்துக்கினு போறீங்களே!"

அந்தத் தாள்களில் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஓர் இளைஞருக்குத் தேவதூதர் வழிகாட்ட, குன்றில் புதைந்திருந்த தங்கத் தகடுகள் கிடைத்தனவாம். யாருக்கும் தெரியாத எழுத்தை, தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டு அதைப் பார்த்தே அவர் மொழிபெயர்த்ததுதான் இந்த வேதமாம். தகடுகளைப் பார்த்ததாகப் பதினோரு பேர் சாட்சி. அதில் மூன்று பேர் அவருடைய அப்பாவும் சகோதரர்களும். வீட்டார் சாட்சி போட்ட பத்திரம் என்றால் நாங்கள் இரண்டு தடவை பார்ப்போம்.

இன்னொன்று. பழைய ஆங்கில பைபிளின் வசனங்கள் பக்கம் பக்கமாக, அதன் மொழிபெயர்ப்புப் பிசகுகளோடு அப்படியே இதில் இருக்கின்றனவாம். ஒரு பத்திரத்தில் வடக்கு எல்லையைத் தவறாக எழுதினால், அதைப் பார்த்து எழுதுகிற பத்திரத்திலும் அதே தவறு வரும். இது பழைய தகடு இல்லை, பார்த்து எழுதியது என்று பஸ்ஸிலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

திண்டிவனத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனேன். மேரி மோர் கொண்டுவந்தாள். அந்த வீட்டில் கால் வைத்ததும் டீ வராத நாள் கிடையாது. வம்புக்கு வந்தவன் என்று கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மோரைக் குடித்தேன்.

சூசை அவர்கள் வேதமான நீல அட்டைப் புத்தகத்தை என் முன்னால் வைத்தார்.

"மாப்ள, அந்தத் தகடு இப்ப எங்க இருக்குது?"

"தேவதூதரே திருப்பி வாங்கிக்கினு போயிட்டாராம் மச்சான்."

"மூலப் பத்திரத்த வித்தவனே எடுத்துக்கினு போயிட்டான்னா, நீங்க நிலம் வாங்குவீங்களா?"

அவர் முகம் வாடியது. அதற்குள் கடையிலிருந்து ஆள் வர, "இதோ வர்றேன்" என்று போனார்.

மேரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "டீத்தூளே வாங்கறதில்லண்ணா. அவங்க சபையில டீ, காபி, சாராயம் எதுவும் கூடாதாம். நாலு மாசமா இவரு ஒயின்ஷாப் பக்கமே போகல."

போன வருடம் சூசை குடித்துவிட்டு வந்த ஓர் இரவில், இதே மேரியை உடைந்த கையோடு நான்தான் விழுப்புரத்துக்கு அழைத்துப் போனேன். அவள் அந்தக் கையை என் தாள்கட்டின் மேல் வைத்தாள்.

"நீ படிச்சது நெசமாவே இருக்கட்டும். சொல்லிடாதண்ணா."

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த வீட்டுக்கு வழி காட்ட, தொப்பிக்குள் கல்லைப் போட்டுப் பார்த்தவர்தானா கிடைத்தார்? எங்கள் கோயிலில் எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறார் இந்தச் சூசை!

சூசை திரும்பி வந்து கைகட்டி நின்றார். "சொல்லுங்க மச்சான். பொய்யா?"

"இன்னும் முழுசாப் படிக்கல மாப்ள. படிச்சிட்டு சொல்றேன்."

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை வழியனுப்ப வந்தார். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் வெறுங்கையோடு பக்கத்தில் நின்றார். பஸ் நகரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"மச்சான், நீங்க கேட்டது மனசுல உறுத்திக்கினே இருக்குது. நாளைக்கு சபையில அவங்ககிட்டயே கேட்டுர்றேன்."

"வேணாம் மாப்ள, கேக்காதீங்க!" என்று கத்தினேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

விழுப்புரத்தில் மூலப் பத்திரம் பார்க்காமல் ஒரு சென்ட் நிலத்துக்கும் நான் எழுதிக் கொடுத்ததில்லை. அந்த வேதத்தின் மேல் என் சந்தேகம் இம்மியும் குறையவில்லை. சூசை கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான் ஊர் வரைக்கும் வந்தேன்.