இன்னார் என்கிற இன்னார்

"இந்தப் பேரு உங்களுது இல்லையே, தம்பி" என்றார் குமாஸ்தா.

கடலூரில் அந்தக் கலெக்டர் ஆபீஸுக்கு நான் போனது அது ஒன்பதாவது தடவை. சிதம்பரத்தில் காலை வண்டி பிடித்து, திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, மஞ்சக்குப்பம் வரை வெயிலில் நடந்து வந்திருந்தேன். ரங்கூனிலிருந்து உத்தரவு வந்துவிட்டது என்று கார்டு போட்டிருந்தார்கள். முதல் நாளே சட்டையைத் துவைத்து மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துப் படுத்தவன் நான். குமாஸ்தா காகிதத்தை என் பக்கம் திருப்பினார். என் மனைவியின் பேர் சரி. அவள் இருக்கிற தெரு சரி. என் ஊர் சரி. கணவன் என்ற இடத்தில் மட்டும் வேறு யாரோ.

"யாருங்க இவரு?"

"தெரியலையே சார்."

"உங்க சம்சாரத்தோட புருஷன்னு போட்டிருக்கு. உங்களுக்குத் தெரியலைன்னா எப்படி?"

பக்கத்து மேஜைக்காரர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். குமராட்சிப் பக்கத்தில் அப்பா அடுத்தவர் நிலத்தில் உழுதார். என்னைச் சிதம்பரத்தில் படிக்க வைத்தார். எஸ்.எஸ்.எல்.ஸி. முடித்ததும் எங்கள் தூரத்து உறவுக்காரர் ஒருவர் ரங்கூனுக்கு அழைத்துக்கொண்டு போய் ஓர் அரிசி மில்லில் எழுத்து வேலை வாங்கிக் கொடுத்தார். அவருடைய மூத்த பெண்ணைத்தான் கட்டினேன். அவள் அங்கேயே பிறந்தவள். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அப்பா இறந்துவிட்டார் என்று தந்தி வந்தது. கருமாதி முடித்துவிட்டு ஒரு மாதத்துக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லிக் கப்பலேறினேன். நாற்பத்தொன்றாம் வருஷக் கடைசி அது. நான் இங்கே பதினாறாம் நாள் காரியம் செய்து முடிப்பதற்குள் அங்கே குண்டு விழுந்துவிட்டது. கப்பல் நின்றது. கடுதாசும் நின்றது.

யுத்தம் முடிந்த பிறகுதான் அவள் உயிரோடிருக்கிறாள் என்று தெரிந்தது. அப்புறம் பர்மா தனி நாடாயிற்று. புதுச் சட்டம் வந்தது. முன்பு அங்கே இருந்தவன் என்று காட்டினால்தான் உள்ளே விடுவார்களாம். என்னிடம் என்ன இருக்கிறது? நான் போன காலத்தில் யாரும் ஒரு சீட்டும் கேட்கவில்லை. கப்பலில் டெக் டிக்கெட் வாங்கினோம், இறங்கினதும் கிழித்துப் போட்டோம். வேலை பார்த்த மில்லும் எரிந்துபோயிற்று, அதிலிருந்த ரிஜிஸ்தரும் எரிந்துபோயிற்று. நான் அங்கே இரண்டு வருஷம் சாப்பிட்டு, தூங்கி, கல்யாணமும் பண்ணிக்கொண்டதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

அவளை இங்கே வரச் சொல்லலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். மாமனார் யுத்தத்தில் படுத்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் ஒரு தடவை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். ஆகவே, அங்கே இருக்கிற மனைவி 'என் புருஷனை அனுமதியுங்கள்' என்று மனுப் போடுவது ஒன்றுதான் வழி என்றார்கள். போட்டாள். எட்டு மாதம் கழித்து வந்த பதில்தான் மேலே சொன்னது.

என்ன நடந்தது என்று ரங்கூனுக்கு எழுதிக் கேட்டேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் தம்பி, என் மச்சான், துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன், அவன்தான் பதில் எழுதுவான். மனுப் போட்ட அன்றைக்கு அவனுக்கு லீவு கிடைக்காததால் பக்கத்து வீட்டு அம்மாளோடு அவள் ஆபீஸுக்குப் போயிருக்கிறாள். அதிகாரி பர்மாக்காரர். நடுவில் பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு துபாஷி, தெலுங்கர், தமிழும் பேசுவார்.

"உன் புருஷன் பேர் என்னம்மா?"

இவள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்வாளா? பக்கத்து வீட்டு அம்மாளுக்கோ என்னைத் தெரியவே தெரியாது.

"சொல்லும்மா, துரை காத்திருக்கார்."

"எங்க வூட்டுக்காரருக்குச் செதம்பரத்துச் சாமி பேருங்க" என்றாளாம்.

"ஓ, தெரியும் தெரியும்" என்று துபாஷி எழுதிவிட்டார். இங்கிலீஷில் படித்துக் காட்டினார்கள். இவள் கைநாட்டு வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

சிதம்பரத்துச் சாமிக்கு எத்தனை பேர்! எங்கள் ஊரில் பத்து வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு அவர் பேர்தான். பத்தும் வேறு வேறு பேர். துபாஷிக்குத் தெரிந்தது உலகத்துக்கெல்லாம் தெரிந்த பேர். எனக்கு வைத்தது இன்னொன்று. எது எது என்று இங்கே எழுதமாட்டேன். மச்சான் இதையும் அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டக்கூடியவன்.

அந்தக் குமாஸ்தா நல்ல மனிதர். அதையும் சொல்லவேண்டும். "ஒண்ணும் குடி முழுகிப் போவல. கிராம முன்சீப்கிட்ட ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. இன்னார் என்கிற இன்னார்னு. ரெண்டு பேரும் ஒரே ஆசாமின்னு எழுதினா போதும்" என்றார்.

முன்சீப் வீட்டுக்குப் போனேன். அவர் பல் குச்சியோடு வெளியே வந்தார்.

"உங்கப்பன் உன்னை என்னான்னு கூப்புடுவான்?"

"சின்னவன்னுதாங்க."

"ஊருல எனக்கும் நீ சின்னவன்தான். அப்ப, சின்னவன் என்கிற இவன், இவன் என்கிற அவன். மூணு பேராச்சு. பாளையக்காரனுக்குக்கூட இத்தனை பேரு இருந்ததில்லடா!" துப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "போ போ, எழுதித் தரேன். புருஷன் பொண்டாட்டியப் பிரிச்ச பாவம் எனக்கு வேணாம்."

எழுதியும் தந்தார். சந்தோஷமாகக் கடலூருக்குக் கொண்டுபோனேன். குமாஸ்தா வாங்கிப் படித்துவிட்டு என் காகிதக் கட்டைப் பிரித்தார். முதல் மனுவோடு நான் வைத்த எஸ்.எஸ்.எல்.ஸி. சர்ட்டிபிகேட் புஸ்தகத்தின் நகல் அதில் இருந்தது.

"இது என்னத்துக்கு வெச்சீங்க? நாங்க கேக்கலையே."

"அத்தாட்சிக்கு இருக்கட்டும்னு சார்…"

"கைநாட்டுக்காரனா இருந்தா முன்சீப் எழுதினதே வேதம். ஒரே நாள்ல முடிச்சிருப்பேன். நீங்க படிச்சவரு. உங்க பேரு இதுன்னு சர்க்கார் முத்திரையோட நீங்களே குடுத்துட்டீங்க. இப்ப பள்ளிக்கூடமும் சேர்ந்து சொன்னாத்தான் 'என்கிற' செல்லும். கேக்காததைக் குடுக்கறவன் படிச்சவன்தான், போங்க."

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் முத்திரை குத்தின காகிதம் அது ஒன்றுதான். என் பேர் தப்பில்லாமல் முழுசாக இருக்கிற ஒரே இடம். அப்பா அதைத் தொடுவதற்கு முன்னால் கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார். அதைக் காட்டாமல் வேறெதைக் காட்டுவேன்?

சிதம்பரத்தில் என் பழைய ஹெட்மாஸ்டரிடம் போனேன். இப்போது நானே ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியார். ஒவ்வொரு நடைக்கும் அரைநாள் லீவு கேட்டு முகம் சுளிப்பு வாங்கவேண்டும். ஹெட்மாஸ்டர் உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார். "ரிஜிஸ்தர்ல இருக்கிறதுக்கு மேல ஓர் எழுத்து எழுதமாட்டேன். பொய் எழுதித் தரச் சொல்லியா உனக்குப் பாடம் சொன்னேன்?" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆக ஒரே வழி, அவள் மறுபடி ஆபீஸுக்குப் போய்ச் சரியான பேரைச் சொல்வது. மச்சானைவிட்டுச் சொல்லச் சொன்னேன். அவனும் போனான். மனுதாரர்தான் சொல்லவேண்டும், உடன்பிறந்தவன் சொன்னால் செல்லாது என்று அனுப்பிவிட்டார்கள். எழுதிக் காட்டினாலும் செல்லாதாம். வாயால் சொல்லி அதிகாரி காதால் கேட்கவேண்டும்.

'ஒரே ஒரு தடவை சொல்லிவிடு' என்று எழுதினேன். பதில் வந்தது. மச்சான் கையெழுத்துத்தான், பேச்சு அவளுடையது.

'குண்டு விழுந்தப்பவும் சொல்லல. குழியில கெடந்தப்ப எல்லாரும் அவுங்க அவுங்க ஆளுவளைப் பேர் சொல்லி அழுதாங்க. நான் வாயத் தொறக்கல. அதனாலதான் நீங்க இருக்கீங்க. இப்ப ஒரு காயிதத்துக்காகச் சொல்லச் சொல்றீங்களே.'

இந்த இடத்தில் நான் பொறுமையாக இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. உத்தரவு செல்லுபடியாகும் தொண்ணூறு நாளில் அறுபது போய்விட்டிருந்தது. பேர் சொன்னால் ஆயுசு குறையும் என்று எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். பட்டணத்தில் பிறந்தும் பட்டிக்காட்டுப் புத்தி என்று எழுதினேன். கடைசியில், 'நீ சொல்லாவிட்டால் நான் இருந்தும் இல்லாதவன்தான், அப்படியே நினைத்துக்கொள்' என்று எழுதித் தபாலில் போட்டேன். பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டதும் திரும்ப எடுக்க முடியாதா என்று பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். தபால்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூறு நாள் முடிந்தது. உத்தரவு காலாவதி. அதற்குப் பிறகுதான் மச்சான் கடுதாசு வந்தது.

'மாமா, அக்கா நேற்று ஆபீஸுக்குப் போயிற்று. நானும் கூடப் போனேன். மதியம் வரை நின்றது. அதிகாரி கேட்கக் கேட்கப் பேசவில்லை. அப்புறம் என்னையும் துபாஷியையும் வெளியே போகச் சொல்லிற்று. கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, ஆச்சு என்றது. என்ன சொல்லிற்று என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து தலை முழுகிற்று. நேற்றிலிருந்து சோறு சாப்பிடவில்லை, கஞ்சித் தண்ணீர்தான். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சேதி வந்தால்தான் சாப்பிடுமாம். உடனே தந்தி அடிக்கவும்.'

கடுதாசின் மேல் முத்திரையைப் பார்த்தேன். பதினொரு நாள் ஆகியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் சொல்லாமலே ஓடினேன். தந்தி ஆபீஸில் பாரத்தை எடுத்து இங்கிலீஷில் எழுதினேன்: சுகமாயிருக்கிறேன், சாப்பிடச் சொல். அங்கிருந்தவர் வாங்கிப் பார்த்தார்.

"அனுப்பறது யாருன்னு போடலையே?"

"மாமான்னு போடுங்க."

"யாருக்கு மாமா?"

"வாங்கறவருக்கு."

"சேதியில மாமான்னே போகட்டும். அடியில கையெழுத்துக்கு உங்க பேரு வேணும்" என்றார். பேரைப் போட்டேன். பதினொரு நாள் கஞ்சித் தண்ணீர். நான் அனுப்பின கடுதாசுக்கு அவள் கொடுத்த பதில் அது.

மூன்றாம் நாள் மச்சானிடமிருந்து பதில் தந்தி வந்தது: அக்கா சாப்பிட்டாள்.

பேர்த் தகராறு இத்தோடு முடிந்தது, புது உத்தரவு வரும் என்று நினைத்தேன். நான்கு மாதம் கழித்துக் கடலூருக்கு வரச் சொல்லிக் கார்டு வந்தது. அதே குமாஸ்தா, அதே மேஜை. ஆனால் இந்தத் தடவை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. ரங்கூன்லேர்ந்து விசாரணைக்கு எழுதியிருக்காங்க. ஒரே பொம்பளை ஒரு வருஷத்துல ரெண்டு புருஷன் பேரு குடுத்திருக்கு, எது நெசம்னு கேக்கறாங்க."

"எது நெசம்னு கேக்கறாங்களா? எட்டு மாசம், அப்புறம் இது, அப்புறம் இதுவா? அவளா ரெண்டு பேர் சொன்னா? ஒண்ணுதான் சார் சொன்னா. மத்தது அவுங்க ஆளு எழுதினது!" என் சத்தத்தில் வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியுது. காகிதத்துக்குத் தெரியலையே." அவர் என் மனைவியின் வாக்குமூல நகலை என் பக்கம் நகர்த்தினார். "பாருங்க. இதுலயும் ஒரு வில்லங்கம். ஸ்பெல்லிங் உங்க புஸ்தகத்தோட ஒத்துப்போவல."

பார்த்தேன். அதிகாரி காதில் விழுந்ததை விழுந்தபடி டைப் அடிக்க வைத்திருக்கிறார். என் பேரின் நடுவில் ஓர் எழுத்து நீண்டிருந்தது. கடைசி எழுத்து இல்லவே இல்லை. எங்கள் பக்கத்தில் அந்தப் பேரை அப்படித்தான் சொல்வோம், கடைசியை விழுங்கிவிட்டு. கல்யாணமான அந்த ஆறு மாதத்தில் அவள் என்னை 'இந்தாங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"தப்புத்தானே?" என்றார்.

"இல்ல சார். இதுதான் என் பேரு."

"புஸ்தகத்துல வேற மாதிரி இருக்கே. இதுக்கும் ஒரு விளக்கம் எழுதிக் குடுங்க."

காகிதம் வாங்கி உட்கார்ந்தேன். இது எங்கள் பக்கத்து உச்சரிப்பு. மனுதாரர் தம் வாயால் சொன்னது ஒரே பேர்தான். அந்தப் பேருக்குரியவன் கீழே கையெழுத்திட்டிருக்கும் நான்தான். இவ்வளவையும் இங்கிலீஷில் எழுத மூன்று காகிதம் வீணாயிற்று. குமாஸ்தா வாங்கி மற்றக் காகிதங்களோடு சேர்த்தார்.

"எப்ப பதில் வரும் சார்?"

"மூணு மாசமாவது ஆவும். ஜாஸ்தியும் ஆவலாம்."

ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் வரவில்லை.