சொடக்கண்ணனின் கழுத்து

வீட்டில் வைத்த பேர் சலூன் லைசென்ஸில் மட்டும்தான் இருக்கிறது. தெருவுக்கெல்லாம் அவர் சொடக்கண்ணன். முடி வெட்டத் தெரிந்தவர்கள் அதே தெருவில் இன்னும் மூன்று பேர் உண்டு. ஆனால் வெட்டி முடித்துத் துண்டை உதறிவிட்டு, தலையை இரண்டு கையாலும் பிடித்து, "உடம்பத் தளர விடுங்க" என்று சொல்லி, கண்மூடித் திறப்பதற்குள் இடம் ஒன்று வலம் ஒன்று என்று கழுத்தில் சொடக்கு எடுப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். மொட்டை வழுக்கைக்காரர் ஒருத்தர்கூட அதற்காக வந்துகொண்டிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கழுத்து வலி. சிரிக்காதீர்கள். நாளெல்லாம் குனிந்தே நிற்கிற தொழில். வலி வந்ததும் தன் தாடையைத் தானே பிடித்துத் திருகி ஒரு சொடக்கு எடுத்துக்கொள்வார். அரை மணி சுகமாக இருக்கும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

பிறகு வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. ஒரு நாள் ஒருவருடைய தொண்டையில் சவரம் செய்துகொண்டிருக்கும்போது கத்தியைப் பிடித்திருக்கிற உணர்வே இல்லை. எதிர்க் கண்ணாடியில் பார்த்துத்தான் அது இன்னும் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்.  மீதிச் சவரத்தை இடது கையால் முடித்து அனுப்பினார்.

அதைக் கேட்ட மனைவி அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்க இழுத்துக்கொண்டு போனாள். படத்தை உறையில் போட்டுக் கொடுத்த ஆள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "கழுத்து வளைவு போயிடுச்சுண்ணே" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். மறுநாள் டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் மனுஷர் தலையை நிறைகுடம் மாதிரி சுமந்துகொண்டு நடந்தார். தும்மல் வந்தால் இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிக்கொண்டார்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு விரலால் காட்டினார். "கழுத்தெலும்பு வரிசை முன்பக்கமா லேசா வளைஞ்சிருக்கணும். உங்களுக்கு நேரா நிக்குது. இதுக்கே பயந்துடாதீங்க. வலியே இல்லாத நிறைய பேருக்கும் இப்படி இருக்கும். தசை இறுகிப் பிடிச்சாலும் படத்துல நேராத் தெரியும். விரல் மரத்துப்போகுது பாருங்க, அதைத்தான் கவனிக்கணும். கழுத்துல நரம்பு அழுந்துது."

"தலை விழுந்துடாதுல்ல டாக்டர்?"

"விழாது" என்று டாக்டரம்மா சிரித்தார். பயிற்சி எழுதிக்கொடுத்தார். தலையை ரொம்பக் குனியக் கூடாது என்றார். கையில் பலம் குறைந்தால் உடனே வரச் சொன்னார். சொடக்கண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்திருக்கப் போனபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"கழுத்தத் திருகிக்கிற பழக்கம் ஏதாவது உண்டா?"

"எனக்கு நானே எடுத்துக்குவேன். கடைக்கு வர்றவங்களுக்கும் நான்தான் எடுத்து விடுறேன். ஒரு நாளைக்குப் பத்து பேராவது இருக்கும்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "இன்னையோட நிறுத்துங்க. உங்களுக்கும் வேண்டாம், யாருக்கும் வேண்டாம். மூளைக்குப் போற ரத்தக்குழாய் கழுத்தெலும்பு வழியாத்தான் போகுது. திருகுற வேகத்துல அது கிழிஞ்சுபோறது அபூர்வம். ஆனா நடந்தா ஆள் பிழைக்கிறதே கஷ்டம். சில பேருக்கு உடனே தெரியாது. தலை சுத்தும், நாலஞ்சு நாள் கழிச்சு விழுவாங்க."

தலை சுத்தும். சொடக்கண்ணனுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. பஸ் கண்டக்டர்!

ஞாயிறு தவறாமல் வருகிற கண்டக்டர். பதினைந்து வருஷப் பழக்கம். கடைசியாக வந்தபோது வலப்பக்கம் எடுத்ததும், "அண்ணே, லேசாக் கிறுகிறுங்குது" என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆள் வளர்ந்த அளவுக்கு ரத்தம் வளரல போல" என்று இவர் கிண்டல் பண்ண, அவரும் சிரித்துக்கொண்டே போனார். அதற்கப்புறம் மூன்று ஞாயிறு போய்விட்டது. ஆளைக் காணோம்.

இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. சோறு இறங்கவில்லை. பக்கத்தில் எந்த பஸ் நின்றாலும் அதன் கண்டக்டர் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார், குனியக் கூடாது என்று சொன்ன தலையை. கடைசியில் மனைவியிடம் உடைத்துவிட்டார். "நான் ஒரு ஆளக் கொன்னுட்டேனோன்னு இருக்கு."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போய்ப் பாத்துட்டு வாங்களேன்!"

"ஆளே இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா?"

அவள் எழுந்துபோய்ச் செருப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

பஸ் டிப்போ வாசலில் டிக்கெட் மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டார். "அவரா? ஆஸ்பத்திரியில கெடந்தாருங்க. திடீர்னு விழுந்துட்டாராம்" என்றார் அந்த ஆள். அதற்குமேல் எதுவும் காதில் ஏறவில்லை. வீட்டு அடையாளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் போலீஸ், கோர்ட்டு, கண்டக்டரின் பிள்ளைகள் என்று என்னென்னவோ வந்து போனது. கண்டக்டர் வீட்டு மாடிப்படியில் இரண்டு முறை உட்கார்ந்தார்.

கதவைத் திறந்தது கண்டக்டரேதான். மூன்று வாரத் தாடி. வயிற்றில் ஒரு கை.

"அட, சொடக்கண்ணே! யாரு சொன்னா? குடல்வால் வெடிச்சுப்போச்சு. பொழச்சதே பெருசு."

சொடக்கண்ணன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆபரேஷனுக்கா இவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்துபோய், கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"படுத்துப் படுத்துக் கழுத்து மரக்கட்டையா ஆயிடுச்சுண்ணே. நல்ல நேரத்துல வந்தீங்க. ஒண்ணு எடுத்து விடுங்க."

கை பழக்கத்தில் போய்விட்டது. ஒன்று தாடையில், ஒன்று பிடரியில். கண்டக்டர் உடம்பைத் தளர விட்டார். முழுத் தலையும் இவர் கையில் கனத்தது. இந்தக் கனத்தை இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் இவர் கவனித்ததில்லை. கட்டைவிரல் மரத்திருந்தது. தலையை மெதுவாக நிமிர்த்தி வைத்துவிட்டு இரண்டு கையையும் எடுத்தார்.

"இனிமே கிடையாது தம்பி. எனக்குப் பயமா இருக்கு."

"உங்களுக்கா பயம்? இதுக்குத்தானேண்ணே உங்க கடைக்கே வர்றேன்!"

டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். கிறுகிறுப்பைப் பற்றியும் சொன்னார். கண்டக்டர் சிரிப்பை நிறுத்தி, தன் கழுத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் ஆகலைல்ல, விடுங்கண்ணே" என்றார்.

தெருவுக்கு வந்ததும் நெஞ்சு லேசாகும் என்று சொடக்கண்ணன் நினைத்திருந்தார். ஆகவில்லை. வழுக்கைக்காரர் போன வருஷமே வரவை நிறுத்திவிட்டார். அதற்கு முன்னால் துணிக்கடை மேனேஜர், அந்தக் குண்டு தபால்காரர். ஒவ்வொரு முகமாக ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. வராமல் போனவர்கள் எல்லாம் வேறு கடைக்குத்தான் போயிருப்பார்கள் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.