பந்து பிடித்துக் கொடுத்தவன்

கல்லூரியில் கர்ட் வைமர்தான் ராஜா. நெப்ராஸ்காவின் மேற்கு மூலையில், சர்க்கரை ஆலைக்கு பீட் கிழங்கு பயிரிடும் எமில் வைமரின் ஒரே மகன். கையால் எறிந்தும் ஆடுகிற அமெரிக்க ஃபுட்பாலில் கல்லூரி அணிக்குக் குவார்ட்டர்பேக். பந்தை வாங்கி, யார் எங்கே ஓடுகிறான் என்று பார்த்து எறிகிற வேலை. அவன் எறிந்தால் பந்து ஓடுகிறவன் கையைத் தேடிக்கொண்டு போகும். ஊர் சலூனில் அவன் படம் தொங்கியது. அறுவடைச் சனிக்கிழமைகளில் எமில் ஆலை வாசலில் லாரி வரிசையை மறந்து ரேடியோவோடு ஒட்டிக்கொண்டிருப்பார். பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்கு ஸ்கோரைச் சொல்லி வாயை அடைப்பார்.

தொழில்முறை அணி ஒன்று அவனை எடுத்ததும் ஊரே கூடிக் கொண்டாடியது. அங்கே போன பிறகுதான் காற்று இறங்கியது. அந்த அணியில் எல்லோருமே ஒரு கல்லூரிக்கு ராஜாவாக இருந்தவர்கள். குவார்ட்டர்பேக்குகளில் கர்ட்டுக்கு மூன்றாம் இடம். முதல் இரண்டு பேருக்கும் ஒருசேரக் காய்ச்சல் வந்தால்தான் இவனைக் கூப்பிடுவார்கள், அவர்களோ எருமை மாதிரி ஆரோக்கியமாக இருந்தார்கள்.

"வைமர், உன் கை பூ மாதிரி இருக்குய்யா. கிக் அடிக்கிறவனுக்குப் பந்து பிடிச்சுக் குடு" என்றார் கோச்.

அதுவே அவன் பிழைப்பாயிற்று. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, முன்னாலிருந்து பாய்ந்து வரும் பந்தைப் பிடித்து, நிலத்தில் நட்டு, பந்தின் தையல் கிக் அடிக்கிறவன் காலில் படாதபடி அதை முன்பக்கம் திருப்பி, உச்சியில் ஒரு விரலை வைக்க வேண்டும். தையலில் கால் பட்டால் பந்து கோணலாகப் போகும். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். ஒழுங்காகச் செய்தால் அவன் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், சொதப்பினால் நாடே சொல்லும்.

குளிர்காலம் முடிந்து வீட்டுக்குப் போனால் எமில் சும்மா விடமாட்டார். முட்டைக்கோஸும் மாட்டிறைச்சியும் வைத்துச் சுட்ட பன்னைப் பிட்டபடியே ஆரம்பிப்பார்.

"முட்டி போடணும்னா நம்ம சர்ச்சே போதுமேடா. அதுக்கா அவ்வளவு தூரம் போனே?"

கர்ட்டும் சேர்ந்து சிரிப்பான். உள்ளே சுருக்கென்று இருக்கும். அப்பா பார்க்க ஒரே ஒருமுறை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் நிற்கும் தன் ஆளுக்குப் பந்தை எறிந்து ஸ்கோர் எடுத்துவிட வேண்டும். அவனுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. அப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

அடுத்த ஆண்டு அவனுக்கு இடமில்லை என்று அணியில் சொல்லிவிட்டார்கள். கடைசி ஆட்டத்துக்கு முந்தைய நாள் வீட்டுக்குப் போன் செய்தான்.

"நாளையோட முடியுதுப்பா."

"எறியறியா?"

"தெரியலப்பா."

"ம்" என்று எமில் வைத்துவிட்டார்.

மறுநாள் மைதானத்தில், கிக் அடிக்கும் ரெமிக்குத் தன் கவலை. லூசியானாக்காரன், கர்ட்டின் உயிர்த் தோழன். போன இரண்டு ஆட்டங்களிலும் கோட்டைவிட்டிருந்தான். அவன் இடத்துக்கு வேறொருவனைக் கூப்பிட்டுச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள்.

"மச்சான், இன்னைக்கும் விட்டேன்னு வை, நாளைக்கு எங்க மாமாவோட எறால் படகுல வலை இழுக்கணும்."

"உங்க மாமா பாவம்டா" என்றான் கர்ட்.

ஆட்டத்தின் கடைசி விநாடிகள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அணி இரண்டு புள்ளி பின்னால், ரெமியின் கிக் கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, வெற்றி. கர்ட் முழங்கால் போட்டான். பந்து தலைக்கு மேலே எகிறி வந்தது. எட்டி ஒற்றைக் கையில் இழுத்துப் பிடித்தான். எல்லைக் கோட்டுக்கு அப்பால் இடப்பக்க மூலையில் அவர்கள் அணியின் நெட்டையன் ஒருவன், காவலுக்கு ஆளே இல்லாமல், கையை உயர்த்தி நின்றுகொண்டிருந்தான்.

எழுந்து எறிந்தால் போதும். பந்து தப்பாக வந்தது, வேறு வழியில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். கையும் தானாகவே காதருகே போயிற்று.

ரெமி ஓடி வர ஆரம்பித்துவிட்டான். பந்து எகிறியதை அவன் பார்க்கவேயில்லை. குனிந்த தலை குனிந்தபடி, வழக்கமான அந்த இடத்தை மட்டும் பார்த்து வந்துகொண்டிருந்தான். கர்ட் பந்தை அங்கே கொண்டுபோய் நட்டான்.

கிக் உள்ளே போயிற்று. ரெமியைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள், ஒலிபெருக்கி அவன் பெயரைத் திரும்பத் திரும்பக் கத்தியது. கர்ட் முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு எழுந்தான். எறியாமல் போன அந்தப் பந்தை நினைத்து நெஞ்சு கனத்தது. செய்தது சரி என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

அன்று மாலை போனை எமிலே எடுத்தார்.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன். பந்து மேல போயிடுச்சுல்ல."

"ஆமாப்பா."

"மூலையில நெட்டையன் தனியா நின்னானே."

"நின்னான்."

"எறிஞ்சிருக்கலாம்."

"எறிஞ்சிருக்கலாம்பா."



"அவ்வளவு அவசரத்துலயும் தையலை முன்னால திருப்பிட்டியே."

தையலைப் பற்றிக் கர்ட் வீட்டில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

"தையலா? அது எப்படிப்பா உங்களுக்குத் தெரியும்?"

"ஒன்பது வருஷமா டிவியில வேற எதைடா பாத்துட்டிருக்கேன்?" என்றார் எமில்.