நாலாம் டோரும் புது ஜனாதிபதியும்

1. லாரி நகர்ந்த காலை

லாரி அரை மீட்டர் நகர்ந்தது. குகனின் ஃபோர்க்லிஃப்ட் அப்போது லாரிக்குள் ஏறுகிற இரும்புப் பலகைக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. முன்னால் ஒரு பேலட் தயிர், மரத்தட்டில் அடுக்கிச் சுற்றிய பெட்டிகள். அவர் பிரேக்கை மிதித்தார். பேலட் ஆடியது, ஆனால் விழவில்லை. தரைக்கும் லாரிக்கும் நடுவே விழுந்த இடைவெளி வழியாக வெளி வெளிச்சம் உள்ளே வந்தது. இன்னும் இரண்டு விநாடி முன்னால் போயிருந்தால் வண்டியும் அவரும் அந்த இடைவெளிக்குள் கவிழ்ந்திருப்பார்கள்.

குகன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். அவர் சுவரைப் பார்த்து நின்றார்.

நான் சரோஜா. கிள்ளானில் பிறந்தவள். கிழக்கு ஆக்லாந்தில் ஒரு சில்லர் வேர்ஹவுஸில், அதாவது குளிர்க் கிடங்கில், பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். பால், தயிர், சீஸ், வெண்ணெய் எல்லாம் எங்களிடம் வந்து, அங்கிருந்துதான் சூப்பர்மார்க்கெட்டுகளுக்குப் போகும். கடைசி எட்டு வருடம் பகல் ஷிஃப்டுக்கு நான்தான் லீட், அதாவது பொறுப்பாளர். இதைப் படிக்கிற பிள்ளைகளில் யாராவது நாளை லீட் ஆகலாம். அந்தக் காலை ஏன் அப்படி நடந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2. டீ ரூமில் இரண்டு கட்சி

என் ஷிஃப்டில் ஒன்பது பேர். அதில் இருவர் இல்லாவிட்டால் வேலை ஓடாது. ஒருவர் குகன். யாழ்ப்பாணத்துக்காரர், அகதியாக வந்து முப்பது வருடம் ஆகிறது. அவரைப் போல லாரி ஏற்ற அந்த வேர்ஹவுஸில் ஆள் கிடையாது. இன்னொருவர் தயாபரன். அவரும் இலங்கைத் தமிழர்தான். ஸ்கில்டு விசாவில் வந்தவர், வயதில் இளையவர். டிஸ்பேட்ச் மேசையில் உட்கார்ந்து எந்த லாரி எந்த டோரில் நிற்க வேண்டும், எப்போது கிளம்பலாம் என்று தீர்மானிப்பவர். குகனை ‘அண்ணை’ என்றுதான் கூப்பிடுவார். காலையில் பாட்டனி டவுன்ஸ் வீட்டிலிருந்து காரில் கிளம்பி, பிளாட் புஷ்ஷில் குகனையும் ஏற்றிக்கொண்டு வருவார்.

இலங்கையில் புது ஜனாதிபதி பதவிக்கு வந்ததும் எங்கள் ஸ்மோகோ இரண்டாகப் பிளந்தது. ஸ்மோகோ என்றால் பத்து மணி டீ நேரம். தயாபரன் புது ஜனாதிபதியின் பக்கம். களவெடுத்தவர்களை விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள், மூடிக் கிடந்த ரோடுகளைத் திறந்துவிடுகிறார்கள், வேறு என்ன வேண்டும் என்பார். குகன் சிரிப்பார். வந்தவரெல்லாம் முதல் ஆறு மாதம் இப்படித்தான் ரோடு திறப்பார்கள், ராணுவம் பிடித்து வைத்திருக்கும் எங்கள் காணியை யார் திறப்பது என்பார். மற்றவர்களும் பக்கம் பிரிந்தார்கள். இலங்கையே பார்க்காத டோங்காக்காரர் சியோனேகூட ஒரு நாள் தயாபரன் பக்கமும் மறு நாள் குகன் பக்கமும் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டார்.

எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. சத்தம் போடுவார்கள், மணி அடித்தால் எழுந்து வேலைக்குப் போவார்கள்.

ஒரு திங்கட்கிழமை அது எல்லை தாண்டியது. நாலு மாதத்தில் யாரால் என்ன செய்ய முடியும் என்று வழக்கம்போல ஆரம்பித்த தயாபரன், பேச்சு வேகத்தில் சொன்னார்: “நீங்கள் வெளிக்கிட்டு முப்பது வருசம். அங்க இருக்கிற சனத்துக்குத் தெரியும் ஆரை நம்பிறதெண்டு. உங்களுக்கு என்ன தெரியும்?”

குகன் டீ கப்பைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“நீர் விசா எடுத்து வந்தனீர். நான் ஓடி வந்தனான். இனி என்னோட கதைக்காதையும்.”

மறுநாளிலிருந்து குகன் பஸ்ஸில் வந்தார். தயாபரன் தன் மேசையிலேயே டீ குடித்தார். டீ ரூம் அமைதியானது. அந்த அமைதி எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை இப்போது வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

3. ஒரு தாள் செய்த வேலை

லாரி கிளம்புவதற்கு ஒரு முறை உண்டு. ஏற்றி முடித்தவர் ரேடியோவில், “டோர் நாலு கிளியர்” என்று சொல்ல வேண்டும். டிஸ்பேட்சில் இருப்பவர் அதே வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்கு ரீட்பேக் என்று பெயர். ஏற்றியவர் “கரெக்ட்” என்று சொன்ன பிறகுதான் வெளியே டிரைவருக்குப் பச்சை விளக்கைப் போடலாம்.

பேச்சு நின்றபின் இருவரும் தாங்களாகவே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஏற்றி முடித்ததும் குகன் லோடு ஷீட் என்கிற சரக்குத் தாளை டோர் பக்கத்துக் கிளிப்பில் மாட்டிவிடுவார். டிஸ்பேட்ச் அறைக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்து தயாபரன் பச்சை போடுவார். ரேடியோவே வேண்டாம். இதை நான் இரண்டு மூன்று தடவை பார்த்தும் இருந்தேன். பார்த்துவிட்டு, வேலை நடக்கிறதே என்று போய்விட்டேன்.

லாரி நகர்ந்த அன்று குகன் ஷீட்டை மாட்டியபின் ஒரு பேலட்டின் பிளாஸ்டிக் சுற்று கிழிந்திருப்பதைக் கண்டார். அதை வெளியே எடுத்து, மறுபடி சுற்றி, திரும்பக் கொண்டுவந்தார். ஷீட் கிளிப்பிலேயே தொங்கியது. தயாபரன் பச்சை போட்டார்.

எங்கள் சைட் மேனேஜர் பிரென்ட் என்கிற வெள்ளைக்காரர். கெட்டவர் அல்ல, எதையும் மாலைக்குள் முடிக்க நினைப்பவர். மத்தியானமே என்னை அறைக்குக் கூப்பிட்டார். நியர் மிஸ் ரிப்போர்ட், அதாவது மயிரிழையில் தப்பிய விபத்தின் அறிக்கை, மேசையில் இருந்தது. இனி டீ ரூமில் அரசியல் பேசக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டப்போவதாகவும், குகனை நைட் ஷிஃப்டுக்கு மாற்றப்போவதாகவும் சொன்னார்.

குகனின் மனைவி முதியோருக்கான ரெஸ்ட் ஹோமில் நைட் டூட்டி பார்ப்பவர். இவரும் நைட்டுக்குப் போனால் வீட்டில் இரண்டு பிள்ளைகள் தனியே தூங்க வேண்டும். குகன் வேலையை விடுவார், அல்லது அந்த அம்மா விடுவார். அதைப் பிரென்டிடம் சொன்னேன். ஆனால் என் முதல் வாதம் அதுவல்ல.

“அவங்க அரசியல் பேசினதால லாரி நகரல. பேச்ச நிறுத்தினதாலதான் நகர்ந்துச்சு. நீங்க நோட்டீஸ் ஒட்டுனா மொத்த ஷிஃப்டும் பேசாமப் போயிடும்,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

பிரென்ட் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். வேறு என்ன செய்வாய் என்று கேட்டார். ஈஸ்டர் லீவு வரை இருவரையும் என்னிடம் விடுங்கள், இன்னொரு தடவை இப்படி நடந்தால் லீட் வேலையை நானே விட்டுவிடுகிறேன் என்றேன். ஈஸ்டருக்கு ஐந்து வாரம் இருந்தது. வருடத்திலேயே அதிக சரக்கு போகிற சமயங்களில் அது ஒன்று. அவர் சம்மதித்தார்.

4. வெள்ளிக்கிழமை விவாதம்

இருவரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேச எனக்குத் தெரியாது. இலங்கை அரசியலும் தெரியாது. தெரிந்தது ரீட்பேக் மட்டும்தான். அதையே பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஸ்மோகோவில் எல்லாரையும் கூட்டினேன். புது ஜனாதிபதி விவாதம் இனி இங்கேயே நடக்கும், வாரத்துக்கு ஒரு தடவை, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றேன். ஒரே ஒரு விதி. பதில் சொல்லுமுன் மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் “கரெக்ட்” என்றால்தான் பதில் பேசலாம். ஒரு தமிழ் வார்த்தையும் தெரியாத சியோனே நேரம் பார்ப்பார். எந்தக் கட்சியிலும் சேர முடியாதவர் என்பதால் அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை.

இருவருக்கும் விருப்பமில்லை. ஆனால் லாரி நகர்ந்ததை இருவரும் மறக்கவில்லை. தயாபரன் அந்த ஒரு வாரமும் சரியாகச் சாப்பிடவில்லை என்பதைக் கவனித்திருந்தேன்.

முதல் வெள்ளி படுதோல்வி. தயாபரன் பேசி முடித்ததும் குகன் திருப்பிச் சொன்னார்: “இவர் சொல்லுறார், ஜனாதிபதி கடவுளாம்.”

“அப்பிடி நான் சொல்லேல்லை.”

குகன் மறுபடி சொன்னார். தயாபரன் மறுபடியும் இல்லை என்றார். ஐந்து நிமிடம் முடிந்து சியோனே மேசையைத் தட்டிவிட்டார். குகன் தன் பதிலைச் சொல்லாமலேயே வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. கோபத்தில் எதையோ முணுமுணுத்துக்கொண்டு போனார். ஆனால் அன்று டோர் நாலில் அவர் குரல் ரேடியோவில் கேட்டது. தயாபரனின் ரீட்பேக்கும் கேட்டது. நான் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வெள்ளி இருவருமே குறிப்பெடுத்துக்கொண்டு வந்தார்கள். எதிராளி சொல்வதைத் தவறாகச் சொன்னால் தன் முறை போய்விடும் என்ற பயத்தில் கவனமாகக் கேட்டார்கள். மூன்றாம் வெள்ளி நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

அன்று முதலில் குகன் பேசினார். அக்காவின் வளவை, ஊரில் இருக்கும் வீட்டு நிலத்தைப் பற்றி. வேலிக்கு உள்ளே ராணுவம், வெளியே அக்கா. ஒவ்வொரு புது ஆட்சியிலும் ஒரு கடிதம் எழுதுவார், ஒவ்வொரு ஆட்சியிலும் ஒரே பதில் வரும். அவ்வளவுதான் பேசினார், இரண்டு நிமிடம்கூட இல்லை.

தயாபரன் குறிப்பைப் பார்க்காமல் திருப்பிச் சொன்னார்: “அண்ணை சொல்லுறது, புது ஆளில தனக்குக் கோவம் இல்லையாம். கடிதம் எழுதி எழுதி அக்காவுக்கு வயது போயிட்டுது. இன்னொருக்கா ‘பொறுங்கோ’ எண்டு அவவிட்டச் சொல்லத் தனக்கு வாய் வரேல்லையாம்.”

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் ‘அண்ணை’ என்றார். குகன், “கரெக்ட்,” என்றார்.

அடுத்தது தயாபரன். ஊரில் இருக்கும் தம்பியைப் பற்றிச் சொன்னார். பள்ளிக்கூட வாத்தியார். எந்த எலெக்‌ஷனிலும் ஓட்டுப் போடாதவர், இந்தத் தடவைதான் வரிசையில் நின்று போட்டார். இதைச் சொல்லிவிட்டு வரி, விலைவாசி என்று வேறு எங்கெங்கோ போனார்.

குகன் வரியையும் விலைவாசியையும் விட்டுவிட்டார். “தயா சொல்லுறது அந்தாள் நல்லவர் எண்டு இல்லை. தம்பி முதல் தரமா ஒண்டை நம்பியிருக்கிறான். அதை நாலு மாசத்தில உடைச்சுப் போடாதேங்கோ எண்டுதான் கேக்கிறார்.”

“ஓம் அண்ணை. கரெக்ட். எனக்கே இப்பிடிச் சொல்ல வரேல்லை.”

சியோனே டைமரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் முடிந்திருந்தது. அவர் மேசையைத் தட்டவில்லை.

இதோடு இருவரும் ஒரே கருத்துக்கு வந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தன் முறை வந்ததும் குகன் ஜனாதிபதியை ஒரு பிடி பிடித்தார். தயாபரன் விடவில்லை. நன்றாகச் சத்தம் போட்டார்கள். திங்கட்கிழமை குகன் பஸ்ஸில் வரவில்லை, தயாபரனின் காரிலிருந்து இறங்கினார். இறங்கும்போதும் சண்டைதான்.

5. ஈஸ்டருக்கு முந்தின நாள்

ஈஸ்டர் லீவுக்கு முந்தின வியாழன், இரண்டு மணி. டோர் நாலில் முழுதாக ஏற்றிய டிரெய்லரின் குளிர் யூனிட் நின்றுவிட்டது. உள்ளே இருபத்திரண்டு பேலட் பால், தயிர். வெளியே நல்ல வெயில். சரக்கின் சூடு ஐந்து டிகிரியைத் தாண்டினால் கடைக்காரர்கள் எடுக்க மாட்டார்கள், அத்தனையையும் கொட்ட வேண்டும். காலி டிரெய்லர் ஒன்று ஆறாம் டோருக்கு வந்துகொண்டிருந்தது. நாலிலிருந்து ஆறுக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதே நேரம் மற்ற டோர்களில் ஈஸ்டர் லாரிகள் வரிசையாக நின்றன.

பிரென்ட் டெம்பரேச்சர் புரோபைக் கையில் பிடித்தபடி நாலாம் டோரில் வந்து நின்றார். மூன்று புள்ளி ஐந்து என்றார். கொஞ்ச நேரத்தில் மூன்று புள்ளி ஒன்பது.

எனக்குச் செய்ய வேலையே இருக்கவில்லை. தயாபரன் ரேடியோவில் ஐந்தாம் டோரை நிறுத்தி, இடையில் யாரும் குறுக்கே வராமல் வழி திறந்தார். குகன் உள்ளே போனார், வந்தார், போனார். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு குரல், அதற்கு இன்னொரு குரல். நாலில் பன்னிரண்டு பாக்கி. நாலில் பன்னிரண்டு பாக்கி. கரெக்ட். ஆறில் வழி சரியா. ஆறில் வழி சரி. சியோனே சுற்றுக் கிழிந்தவற்றை ஓரமாகச் சுற்றி அனுப்பினார். நாற்பது நிமிடம் ஒரு வார்த்தை வீணாகவில்லை, ஒரு வார்த்தை விடுபடவும் இல்லை.

கடைசி பேலட் ஏறியது. குகன் வண்டியைப் பின்னால் எடுத்து, நிறுத்தி, இறங்கி, ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்தார்.

“டோர் ஆறு கிளியர்.”

“டோர் ஆறு கிளியர்.”

“கரெக்ட்.”

பச்சை எரிந்தது. லாரி கிளம்பியது. பிரென்ட் கடைசியாக எடுத்த அளவைக் காட்டினார்: நாலு புள்ளி நாலு. சியோனே இரண்டு கையையும் தூக்கிப் போட்ட சத்தம் ஃப்ரீசர் வரை கேட்டிருக்கும். பிக்கிங்கில் ஆர்டருக்குச் சரக்கு எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். தயாபரன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து குகனின் தோளைப் பிடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க நினைக்கவில்லை.

பிரென்ட் என் கையைக் குலுக்கினார். குகன் பகல் ஷிஃப்டிலேயே இருப்பார் என்றார். நோட்டீஸ் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த மாதம் அந்த வெள்ளிக்கிழமை விதியை மற்ற இரண்டு ஷிஃப்டுகளுக்கும் நான் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். நைட் ஷிஃப்டில் ரக்பி கோச்சைப் பற்றி விவாதித்தார்கள். அதுவும் சூடாகத்தான் இருந்ததாம்.

நான் போன வருடம் ஓய்வு பெற்றேன். என் பிரிவு விருந்தில் பேச வந்த குகனும் தயாபரனும் என்னைப் பற்றித் தலைக்கு இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, மிச்ச நேரம் முழுக்க ஜனாதிபதியின் ஆட்சியைப் பற்றி எதிரும் புதிருமாகப் பேசினார்கள். கேக் வெட்டச் சொல்லி நான்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

லீட் வேலைக்கு வரப்போகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். உங்கள் ஷிஃப்டில் இரண்டு பேர் நாட்டைப் பற்றியோ தலைவரைப் பற்றியோ சண்டை போட்டால் பதறாதீர்கள், உங்கள் டீயைக் குடியுங்கள். அந்தச் சத்தம் என்றைக்கு நிற்கிறதோ, அன்றைக்குக் கப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள்.